உப்புக்காற்றும் ஐந்து வோல்ட்டும்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, மீனும் ஐஸும் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது; எஞ்சின் பிடிக்கவில்லை. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. கூடி நிற்பவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்: “ஈசிஎம் போயிருக்கும்.”

பெரும்பாலும் போயிருக்காது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்பதற்கு முன், ஈசிஎம் என்ற அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துவிட்டால் அதன்மேல் எளிதில் பழிபோட மனம் வராது.

ஈசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கணினி. நோட்டுப் புத்தகம் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. அதில் வந்து சேரும் மின்கம்பிகள் ஏராளம். 2005-இல் வந்த முதல் ‘குட்டி யானை’ வண்டிகளில் டீசலை அளந்து அனுப்பியது இயந்திரப் பம்புதான். பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கணினி இல்லாத புது டீசல் வண்டியை நினைத்தே பார்க்க முடியாது.

எஞ்சின் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசிஎம்முக்கு எப்படித் தெரியும்? பல வண்டிகளில் கிராங்கோடு சுற்றும் ஒரு சக்கரத்தில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். அதில் இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்தப் பொக்கை சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் கணினிக்குச் சுற்றின் தொடக்கம் புரிந்துவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான் நேரம். அதற்குள் கணக்குப் போட்டு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறக்க வேண்டும்.

இன்ஜெக்டருக்குப் பின்னால் காத்திருக்கும் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரையிலும் அதற்கு மேலும் போகும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு பார் கூடும். அப்படியென்றால் 1,600 பார் என்பது 16 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சமம். உலகின் மிக ஆழமான கடலே சுமார் 11 கிலோமீட்டர்தான்! அவ்வளவு அழுத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு, ஈசிஎம் முதலில் ஒரு கடுகு அளவு டீசலை மட்டும் தெளித்து நெருப்பைத் தொடங்கிவைத்து, பிறகே முக்கியப் பங்கை அனுப்புகிறது. பழைய டீசல் எஞ்சினின் ‘கடகட’ ஓசை இன்று குறைந்திருப்பதற்கு இந்தக் கடுகும் ஒரு காரணம். இன்ஜெக்டரைச் சட்டெனத் திறக்க 12 வோல்ட் போதாது; அதற்காகப் பெட்டிக்குள்ளேயே மின்னழுத்தத்தை 65 வோல்ட் அளவுக்கு உயர்த்திச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குள் இருக்கும் காவல்காரன். முதன்மைச் சில்லிடம் இன்னொரு சிறிய சில்லு இடைவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் தவறினாலும் தாமதமானாலும் டீசலை நிறுத்திவிடும். ஆக்சிலரேட்டர் மிதியிலும் இரண்டு சென்சார்கள் இருக்கும். பல வண்டிகளில் ஒன்று காட்டும் மின்னழுத்தத்தில் பாதியை மற்றது காட்ட வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் ஓட்டுநரின் காலைக்கூட அது நம்பாது.

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டிக்குத் துறைமுகத்தில் எதிரி உப்புத் தண்ணீர். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கொண்ட கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கப்ளருக்குள், அதாவது கம்பிக்கட்டு வந்து மாட்டும் இணைப்பானுக்குள், அது புகுந்தால் எப்போதும் 12 வோல்ட் நிற்கும் உலோகப் பின் மெல்லக் கரையத் தொடங்கும். வெண்கலப் பாத்திரத்தில் ஏறுகிற அதே பச்சைக் களிம்பு அங்கேயும் ஏறும். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் போதாதா? போதாது. சூடான பெட்டிமேல் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீலில் இருக்கும் சின்ன இடைவெளி வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் ஒரு மெல்லிய சவ்வைப் பல பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பெட்டி அதன் வழியே மூச்சு விடுகிறது. அப்படியும் ஒரு கள்ளவழி உண்டு: எங்கோ தோல் உரிந்த வயருக்குள் நுழைந்த ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், செம்பு இழைகளின் நடுவே ஏறி கப்ளர்வரை வந்துவிடும்.

இனி நம் வண்டிக்கு வருவோம். ஈசிஎம்மோடு பேசும் ஸ்கேனரைப் பொருத்தினால் பதிலே இல்லை. பேசாததால் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் இங்கே பலர் வழுக்கும் இடம். ஈசிஎம் பல சென்சார்களுக்கு ஒரே பொதுக் கம்பியில் ஐந்து வோல்ட் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த ஐந்து வோல்ட் முழுதும் சரிந்துவிடும். சில வண்டிகளில் ஈசிஎம்மே அதனால் வாயடைத்துப்போகும். நல்ல மெக்கானிக் மல்டிமீட்டரை அந்தக் கம்பியில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் மீட்டரில் ஐந்து திரும்பும். ஸ்கேனரும் பேசத் தொடங்கும். ஒரு சென்சார் விலையில் வேலை முடிந்துவிடும்.

ஐந்து திரும்பவில்லையா? அடுத்து பவரும் எர்த்தும். மீட்டர் 12 வோல்ட் காட்டுவது இங்கே சாட்சியாகாது. களிம்பு தின்று ஒரே இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் 12 காட்டும். அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயில், திறக்காதவரை அழுத்தம் சரியாக இருப்பதுபோலத்தான் அது. திறந்தால்தான் சொட்டுவது தெரியும். அதனால் கப்ளரின் பவர், எர்த் பின்களுக்கு இடையே ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நலம். மங்கினால் பழி வயர்மேல். (பின்னுக்குள் தடித்த முனையைத் திணிக்கவே கூடாது, விரிந்துவிட்டால் அது பிறகு இறுகப் பிடிக்காது.)

மூன்றாவது சோதனை, கணினிகள் தமக்குள் பேசும் ‘கேன்’ கம்பிகள். 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த முறையில் இரண்டு கம்பிகள் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவு தாக்கும். கணினி இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் தானே கழிந்துவிடும். கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடைகள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை தொடர்பில் இல்லை. பல வண்டிகளில் அந்த முனை ஈசிஎம்முக்கு உள்ளேயே இருக்கிறது.

பவர், எர்த், ஐந்து வோல்ட், கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி ஊமையாகவே இருந்தால்தான் ஈசிஎம் போனது என்று சொல்லலாம். போவதும் உண்டு. வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கிச் சால்டர் விரிசல் விடும். வண்டியில் சரக்குப் பெட்டி கட்டும்போது பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தாலும் போகலாம்.

அப்போதும் புதிய பெட்டியைச் சொருகினால் வண்டி ஓடிவிடாது. பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். அந்த வண்டிக்கான மென்பொருளை ஏற்ற வேண்டும். சாவியின் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிறு சில்லு இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருள் அதற்குக் காற்றுவழியே மின்சாரம் ஊட்டி, அதன் ரகசிய எண்ணைக் கேட்கும். அந்த எண்ணைப் புதிய கணினிக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இன்ஜெக்டர்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொன்றின் சிறு வேறுபாட்டையும் அளந்து, பல வகைகளில் அதன் தலையிலேயே குறியீடாகப் பொறித்திருப்பார்கள். அதையும் தட்டச்சுச் செய்தால்தான் கடுகு கடுகாகவே விழும். மென்பொருள் ஏறும்போது பேட்டரி சோர்ந்துவிட்டால் புதிய பெட்டியும் பாதி நினைவோடு நின்றுபோகும். அதனால் சார்ஜரை மாட்டிவைத்தே இந்த வேலையைத் தொடங்குவார்கள்.

கடைசியில் கப்ளரைக் கழுவிக் காயவைத்து, உரிந்த வயரை மாற்றி, பூட்டு ‘க்ளிக்’ என்று விழும்வரை அழுத்துவார்கள். கம்பிக்கட்டை நேரே இழுத்துக் கட்டாமல், கப்ளருக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டுவார் விவரமான மெக்கானிக். ஐஸ் தண்ணீர் வயர் வழியே ஓடி வந்தாலும், அந்த வளைவின் அடியில் திரண்டு தரையில் சொட்டிவிடும்.