கம்பியும் மணியும் காதணியாகும்

"பெண்பிள்ளை வெறுங்காதோடு இருக்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நம்மவரிடையே பழகிய பேச்சு. காது குத்திய நாள் தொட்டு ஒரு சோடி தோடாவது காதிற் கிடக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆயினும், அத்தோடு பொன்னாகத்தான் இருக்கவேண்டுமா? இவ்வினாவை நம் முன்னே கொணர்ந்து நிறுத்தியவள் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி.

2022 ஆம் ஆண்டிலே நாடு பொருள் நெருக்கடியிற் சிக்கித் தவித்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். அந்நாட்களில் எத்தனையோ வீட்டு நகைகள் அடகுக்கடை சென்றன. அச்சிறுமியின் தோடும் அவ்வழியே போயிற்று. துளை தூர்ந்துவிடுமே என்று தாயார் வேப்பமீர்க்குச் செருகிவிட்டார். பிள்ளையோ கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் வரக் கூசி, உள்ளேயே ஒடுங்கினாள்.

"நீயே செய்து அணியலாமே" என்று அவளுக்கு ஆலோசனை கூறியவர் நாமே. கடையிற் கிடைத்த மலிவான கொளுக்கிகளையும் கண்ணாடி மணிகளையும் வாங்கிக் கொடுத்தவரும் நாமே. ஒரு மாலைப்பொழுதிலே அழகியதொரு சோடியைச் செய்து முடித்தாள். அணிந்துகொண்டு திருவிழாவுக்கும் சென்றாள். மூன்றாம் நாள் காதுமடல் சிவந்து, தடித்து, நீர் கசிந்தது. மருத்துவர் கண்டவுடனே, "இது நிக்கல் செய்த வேலை" என்றார். தாயார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள், மாஸ்டர்" என்றார். கண்டிப்பினும் அச்சொல்லே நம்மைச் சுட்டது.

கற்பிக்கும் தொழிலில் இருந்தும் நாம் எண்ணிப் பாராதது இதுதான். மலிவான அணிகளிற் பளபளப்புக்கும் உறுதிக்குமாக நிக்கல் சேர்ப்பதுண்டு. வியர்வை பட்டதும் அது சிறிது சிறிதாகக் கரைந்து தோலினுட் புகும். சிலருடைய உடல் அதனைப் பகையெனக் கொள்ளும். அப்பகை ஒருமுறை மூண்டுவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. ஐரோப்பிய ஒன்றியம் தோலிற் படும் அணிகளில் நிக்கலைக் கட்டுப்படுத்த 1994 இலேயே விதி வகுத்தது. ஆகவே, காதின் துளையினுள்ளே செல்லும் கொளுக்கி மட்டுமாவது நல்ல வெள்ளியாக இருத்தல் வேண்டும். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமான கம்பி பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரு சோடிக்கு வேண்டியது நான்கங்குலமே. நகை செய்யும் பத்தரிடம் கேட்டு வாங்கலாம். மணி கோக்கும் கம்பி செம்பாயினும் குற்றமில்லை. அது வியர்வையிற் பச்சை பூத்தால் துடைத்துக்கொள்ளலாம்.

காது ஆறிய பின்னர் அவளும் நாமும் மீண்டும் தொடங்கினோம். கொளுக்கிக்கு 0.8 மில்லிமீற்றர்த் தடிப்பும், மணி கோக்க 0.5 மில்லிமீற்றர்த் தடிப்பும் ஏற்றவை. கடையிலே கம்பியை எண்ணிட்டு விற்பார்கள். எண் கூடக் கூடத் தடிப்புக் குறையும் என்பதை நினைவிற் கொள்க. முனை உருண்ட சிறு குறடு ஒன்று, தட்டைக் குறடு ஒன்று, கம்பி வெட்டும் குறடு ஒன்று, மெல்லிய அரம் ஒன்று: கருவிகள் இவ்வளவே.

மூன்றங்குலச் செப்புக்கம்பியின் ஒரு நுனியைச் சிறு சுருளாக்கி மணியைக் கோக்க வேண்டும். மணிக்கு மேலே இரண்டு மில்லிமீற்றர் விட்டு, கம்பியைச் செங்கோணமாக மடித்து, உருண்ட குறட்டின் மேலாக வளைத்து ஒரு வளையம் ஆக்குக. மீந்த கம்பியை வளையத்தின் கழுத்திலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வெட்டி, நுனியை உள்ளே அழுத்திவிடுக. இனி, வெள்ளிக்கம்பியில் ஈரங்குலத் துண்டுகள் இரண்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நுனியைச் சிறு வளையமாக்குக. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே பேனையின் மேல் வளைத்தால் சோடி ஒத்திருக்கும். காதினுட் செல்லும் நுனியை அரத்தால் உருட்டி, விரலில் தேய்த்துப் பார்த்தல் இன்றியமையாதது. மணியை மாட்டும்போது கொளுக்கியின் வளையத்தை அகட்டி இழுத்தலாகாது. கதவைத் திறப்பதுபோற் பக்கவாட்டிலே திருப்புக. அப்போதுதான் வட்டம் குலையாது.

முதலிலே அவள் கம்பிகள் பலவற்றை முறித்தாள். ஏன் முறிகின்றது என்று கேட்டாள். நல்ல கேள்வி. உலோகத்தின் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. வளைக்கும்போது அடுக்குகள் நழுவும். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒழுங்கு குலைந்து, நழுவ வழியின்றிக் கம்பி விறைத்து முறியும். ஆகவே, ஒரு வளைவை ஒரே முறையில் முடிப்பதே உத்தமம். வகுப்பிலே கரும்பலகையில் எழுதி விளக்கியும் பதியாத இப்பாடம், குறடு பிடித்த அவள் கைக்கு அரைமணியிற் புரிந்தது.

மணி கோத்தல் நமக்குப் புதிய கலையும் அன்று. 1945 இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்குவது அக்கால முறை. மன்னார்ப் பகுதியின் பழந்துறையாகிய மாந்தையிலும் மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

அடகிற் போன தோடு மீளவில்லை. வட்டி ஏறி, அது ஏலத்திற் போயிற்று. அண்மையிலே ஒரு கலியாண வீட்டில் அச்சிறுமியைக் கண்டோம். வெள்ளிக் கொளுக்கியில் நீலமணி ஆடியது. "எந்தக் கடையில் வாங்கினது?" என்று ஒருவர் வினவ, தாயார் நிமிர்ந்து, "கடையில் இல்லை, எங்கட பிள்ளை தானே செய்தது" என்றார். பொன் தோடு இருந்த காலத்தில் அவர் இவ்வளவு பெருமையோடு பேசி நாம் கேட்டதில்லை.