எவரெஸ்ட் சிலந்திக்குப் பெயர் கிடைத்தது எப்படி?

1924. எவரெஸ்ட் பயணக் குழுவின் மருத்துவரும் இயற்கையியலாளருமான ஹிங்ஸ்டன், சுமார் 6,700 மீட்டர் உயரத்தில் பாறைகளுக்கிடையே குட்டிக் கறுப்புச் சிலந்திகளைப் பிடித்தார். செடிகொடியே இல்லாத இடம். ஒன்றையொன்று தின்றுதான் பிழைக்கின்றன போலும் என்று கருதினார். பிற்பாடு உயிரியலாளர் லாரன்ஸ் ஸ்வான் வேறு விளக்கம் தந்தார்: கீழிருந்து காற்று அள்ளி வரும் மகரந்தத்தையும் செடித் துணுக்குகளையும் ஈக்களும் துள்ளிக் குதிக்கும் சிற்றுயிர்களும் உண்கின்றன, அவற்றைச் சிலந்தி பிடிக்கிறது.

சிலந்திக்கு அறிவியல் பெயர் கிடைத்ததோ 1975இல்தான்! வான்லெஸ் என்ற ஆய்வாளர் அதை யூவோஃப்ரிஸ் ஓம்னிசூப்பர்ஸ்டெஸ் எனப் பதிவுசெய்தார்.

ஏன் இவ்வளவு தாமதம்? சேகரிப்பது ஒரு வேலை, விவரிப்பது முற்றிலும் வேறு வேலை. எட்டுக் கண்களில் முன்னிரண்டு மட்டும் பெரிதாக இருந்தால் தாவும் சிலந்திக் குடும்பம் என்று சட்டெனச் சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்லத்தான் நுண்ணோக்கி வேண்டும். நிறமும் உடல் அளவும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறக்கூடியவை, நம்ப முடியாது. ஆணின் வாயருகே குட்டிக்கால் போல நீண்டிருக்கும் உறுப்பின் நுனியில், விந்தைச் செலுத்தும் அமைப்பு உண்டு. பெண்ணின் வயிற்றடியில் அதைப் பெறும் தகடு. பூட்டும் சாவியும் போல இவை பெரும்பாலும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. கடைசித் தோலுரிப்புக்குப் பின்னரே இவை முழுதாக உருவாகும் என்பதால், இளஞ்சிலந்தி கையில் கிடைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

ஆய்வாளர் இவ்வுறுப்புகளை வரைந்து, அளந்து, நெருங்கிய இனங்களுடன் ஒப்பிடுவார். ஒரே ஒரு மாதிரியை முதன்மைச் சான்றாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பார். பின்னாளில் சந்தேகம் எழுந்தால், எவரும் சரிபார்க்க வேண்டியது அந்த மாதிரியைத்தான்.