தாளினும் மெல்லிய காந்தம்

பேகம்பேட்டில் ஒரு வகுப்பறை. மாணவி ஒருத்தி பென்சிலால் தன் பெயரைத் தமிழில் எழுதுகிறாள். பென்சிலின் கருமுனை, கிராபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னி, அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்குகள் எளிதில் வழுக்கிப் பிரிவதாலேயே தாளில் எழுத்துப் பதிகிறது.

இந்தக் கிராபைட்டின் காந்தப் பண்பை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அறிவியலறிஞர் கே. எஸ். கிருஷ்ணன். இவர் 1898ஆம் ஆண்டு வத்திராயிருப்பில் பிறந்தார். கல்வியும் பணியும் அவரைக் கொல்கத்தா, டாக்கா, அலகாபாத், தில்லி என ஊர்விட்டு ஊர் அழைத்துச் சென்றன. படிகங்களை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை திரும்பும் அளவை அவர் நுட்பமாக அளந்தார். கிராபைட்டைக் காந்தம் சிறிதளவு விலக்கும். அவ்விலக்கம் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் மிகுதி. அடுக்குகளின் போக்கில் குறைவு. அடுக்கமைப்பே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஒட்டுநாடாவைக் கொண்டு கிராபைட்டின் ஒற்றை அடுக்கைப் பிரித்தெடுத்தனர். அதுவே கிராபீன். 2017இல் குரோமியம் அயோடைடின் ஒற்றை அடுக்கு தானே காந்தமாக விளங்குவது கண்டறியப்பட்டது. ஆயினும், ஏறத்தாழ −228 டிகிரி செல்சியசுக்கும் கீழான கடுங்குளிரில்தான் அது காந்தமாக இருக்கும்.

இத்தகைய மெல்லிய பொருள்களின் காந்தத் தன்மையை மாற்ற இயலுமா? இரு வழிகள் உள்ளன.

முதலாவது, குறைபாடு. ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு நுண்காந்தம். இரண்டு இணைசேர்ந்தால் அவற்றின் காந்தம் ஒன்றையொன்று நீக்கிவிடும். புள்ளிக்கோலத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் கோலம் மாறுவதுபோல, கார்பன் வலையில் ஓர் அணு விடுபட்டால் அங்கே ஓர் எலக்ட்ரான் இணையின்றித் தனித்து நிற்கும். அவ்விடத்தில் காந்தம் தோன்றும்.

இரண்டாவது, திரிபு. பொருளை இழுத்தால் அணுக்களின் இடைவெளி மாறும்; அவற்றின் காந்த உறவும் மாறும். குரோமியம், கந்தகம், புரோமின் சேர்ந்த ஒரு படிகத்தில் அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் காந்தம் கொண்டவை. 2022இல் அதனை இழுத்தபோது அவை ஒரே திசைக்குத் திரும்பின. இழுப்பை விட்டதும் பழைய நிலையை அடைந்தன.

அறை வெப்பநிலையிலும் இவ்வாறு இயக்க இயன்றால், மிகச் சிறிய நினைவகங்களை உருவாக்கலாம். ஆராய்ச்சி தொடர்கிறது. குறை என எண்ணப்பட்டதே இங்குப் பயனாகிறது.

அருஞ்சொற்பொருள்: செங்குத்து – நேர்நிமிர்ந்த நிலை, திரிபு – இழுத்தலாலோ அழுத்தலாலோ உண்டாகும் வடிவ மாற்றம்.

சிந்தித்து எழுதுக: ஓர் அணு விடுபட்ட இடத்தில் காந்தம் தோன்றுவது ஏன்?