நஞ்சும் நாமும் – 11: முதுகு வழியாக இறங்கும் மருந்து

ஜெர்மானிய வேதியியலாளர் ஷ்ராடர் டாபுன் என்ற போர் நச்சையும் பாரத்தியான் என்ற பூச்சி மருந்தையும் கண்டுபிடித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். நரம்புச் செய்தியை நிறுத்தி வைக்கும் நொதியை இவை இரண்டும் முடக்கும் என்பது நினைவிருந்தால் போதும். மற்றவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சிவப்பு, மஞ்சள் முக்கோணங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 1971இல் வெளியான ஓர் அட்டவணை கையில் சிக்கிவிட்டது. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஆனாலும் இதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஹோவர்ட் மைபாக்கும் அவரது குழுவினரும் தயாரித்த அட்டவணை அது. கதிரியக்கக் கார்பன் சேர்த்த பாரத்தியானை மனித உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவி, சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். முன்கையில் தடவியதில் 8.6 சதவீதம் உள்ளே போனது. உள்ளங்கையில் 11.8. வயிற்றில் 18.4. தலைத்தோலில் 32.1. நெற்றியில் 36.3. காதுத் துளையில் 46.5. அக்குளில் 64. விதைப்பையில் 101.6.

அச்சுக்கோப்பவர் கடைசி எண்ணில் கை வைக்க வேண்டாம். உள்ளே போனது முழுவதும் சிறுநீரில் வந்துவிடாது என்பதால் ஒரு திருத்தக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்; அதில்தான் நூறைத் தாண்டியது. தடவியது அத்தனையும் உள்ளே போனது என்று படித்துக்கொள்ளலாம்.

இதே மைபாக்கின் பெயர் 2022இலும் செய்தியில் வந்தது. 1960, 70களில் வாக்கவில் சிறையில் இருந்த சுமார் 2,600 கைதிகள் மீது அவரும் இன்னொரு மருத்துவரும் நடத்திய சோதனைகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. கைதிகளின் தோலில் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் தடவியதும் அந்தச் சோதனைகளில் உண்டு. அட்டவணையை இதையும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் வயலுக்கு வருவோம். மருந்து அடிப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார்? மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் ஒரு துண்டு. முதுகில் டேங்க். டேங்கின் மூடியில் வாஷர் தேய்ந்திருக்கும். குனிந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் வழியும். வழிந்தது முதுகுத்தண்டில் இறங்கி இடுப்புத் துணியில் ஊறி, அட்டவணையின் கடைசி வரியில் போய் நிற்கும். தலைத் துண்டை அவிழ்த்து வழிந்ததைத் துடைப்பார். அதே துண்டால் நெற்றி வியர்வையையும் துடைப்பார்.

நம் விழிப்புணர்வுக் கூட்டங்களில் முகமூடிதான் முதலில் வரும். விநியோகித்துப் படம் எடுத்துக்கொள்ள வசதியான பொருள் அது. முகமூடி வேண்டும்தான். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்தியில் மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தெளிப்பு முகத்துக்கு நேரே வந்தது. ஆனால் திறந்த வயலில் மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் நுழைகிறது. அதனால் என் கணக்கில் முதல் பாதுகாப்புக் கருவி சில ரூபாய் விலையுள்ள வாஷர். இரண்டாவது, டேங்குக்கும் முதுகுக்கும் நடுவே கட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் தாள். மூன்றாவது, புட்டியைத் திறந்து கலக்கும்போது போடும் நைட்ரில் கையுறை; தண்ணீர் சேராத அடர்மருந்தைத் தொடும் நேரம் அதுதான். துணிக் கையுறை மருந்தைக் குடித்துத் தோலோடு ஒட்டவைக்கும். அதற்கு வெறுங்கையே தேவலை, உடனே சோப்புப் போட்டுக் கழுவவாவது தோன்றும்.

பாரத்தியானில் இன்னொரு சூதும் உண்டு. உள்ளே போகும்போது அது அவ்வளவு வீரியமானதாக இருப்பதில்லை. கல்லீரல் அதிலுள்ள ஒரு கந்தக அணுவை எடுத்துவிட்டு ஆக்சிஜனைப் பொருத்துகிறது. அப்போது உருவாகும் பாராக்சான்தான் நொதியை முடக்குகிறது. தோல் வழியாக மெல்ல நுழைந்து, பிறகு இந்த மாற்றமும் நடக்க வேண்டும் என்பதால், காலையில் அடித்தவருக்கு ராத்திரி வீட்டில் வாந்தி வரலாம். சாப்பாட்டின் மேல் பழி விழும். நொதி மீள்வதும் மெதுவாகத்தான். சிவப்பணுக்களில் அது நாளுக்குச் சுமார் 1 சதவீதம்தான் ஏறும். தினக்கூலிக்குத் தொடர்ந்து அடிப்பவருக்கு நேற்றைய பாக்கியின் மேல் இன்றைய பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

மருந்து ஊறிய இடுப்புத் துணியைச் சொன்னேன்; அதில் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் சில சிறுவர்கள் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்தார்கள். வயல் பக்கமே போகாத பிள்ளைகள். அவர்கள் போட்டிருந்த புது ஜீன்ஸ், பல மாதங்களுக்கு முன் லாரியில் வந்தபோது மெவின்பாஸ் என்ற பூச்சி மருந்து கொட்டி நனைந்திருந்தது. இப்படிச் சரக்கில் மருந்து கசிந்ததில் நம் பக்கமும் சளைத்ததில்லை. 1958இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளோடு வந்த பாலிடால் கசிந்திருந்தது. பாரத்தியானின் வியாபாரப் பெயர்தான் பாலிடால். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் அந்தச் சாவுகளிலிருந்து வந்தது. துணிக்குத் திரும்பினால், மருந்தடித்தபோது உடுத்திய துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

பாரத்தியான் இங்கே விற்பனையில் இல்லை. மீதைல் பாரத்தியானையும் 2018இல் தடை செய்துவிட்டார்கள். அதன் உறவினர்களான குயினால்பாஸும் புரோபனோபாஸும் கடையில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண்கள் மாறும். ஆனால் முன்கையைவிட நெற்றியும் அக்குளும் பல மடங்கு உறிஞ்சும் என்பது மைபாக் குழு அளந்த மாலத்தியான் என்ற பூச்சி மருந்திலும் தெரிந்தது.

வியர்வை கொட்டுவது நஞ்சேறியதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. சித்திரை வெயிலில் அதை யார் கவனிப்பார்கள்? கண்ணைப் பாருங்கள். பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், எச்சில் ஊறி நெஞ்சு இறுகினால், துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு சோப்பும் தண்ணீருமாக உடம்பைக் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முறிவு மருந்தான அட்ரோபின் போடுவார்கள். போகும்போது மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் டாக்டர் தேடும் வரி எது என்பதையும் முக்கோண நிறங்களையும் அடுத்த வாரம் பார்ப்போம்.