ஹெச்61 வேறு, ஹெச்610 வேறு: கம்ப்யூட்டர் பாகம் வாங்குவோர் அறிய வேண்டியவை

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் இருக்கிறது உச்சிப்புளி. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கோ, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சிறு கடைக்கோ, ஸ்டூடியோ வேலைக்கோ ஒரு டெஸ்க்டாப் வாங்க நினைக்கும் இவ்வூர்க்காரர் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுகிறார். விலை இன்னும் குறையுமென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கிறார், அல்லது செல்போனிலேயே ஆர்டர் போடுகிறார்.

கையில் உள்ள பணம் அளவானது என்பதால் பாகங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்துகொள்வது நல்ல வழிதான். தேவையில்லாததற்குப் பணம் போகாது, பின்னாளில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விலையைக் கறாராகப் பேசும் பலரும், எதை வாங்குகிறோம் என்பதை எழுதி வாங்குவதில்லை. பணம் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான்.

‘ஐ7’ என்றால் போதுமா?

“ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., மானிட்டரோடு சேர்த்து இவ்வளவுதான்” என்று விளம்பரம் வரும். ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. அது எந்தத் தலைமுறை என்பதை அதன்பின் வரும் எண்தான் சொல்லும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011 ஜனவரியில் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022 ஜனவரியில் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள்தான். ஆனால் வேகத்தில் அந்த ஐ3, பழைய ஐ7-ஐ வெகுதூரம் பின்தள்ளிவிடும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

மதர்போர்டிலும் இதே சிக்கல் உண்டு. ஹெச்61 என்பது 2011-ஆம் ஆண்டின் சிப்செட், ஹெச்610 என்பது 2022-ஆம் ஆண்டினுடையது. ஒரு சுழியம் விடுபட்டால் பதினோரு வருடம் பின்னே போய்விடுகிறோம். ஹெச்61 போர்டுகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. போர்டும் அட்டைப்பெட்டியும் புதிதாக இருக்கலாம், அதில் பொருந்தும் பிராசஸரோ வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்கான டி.டி.ஆர்.3 ராமை நாளைக்குப் புதிய தலைமுறை போர்டில் போடவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒருசிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பழைய ஐ7-ஐ வாங்கினால் இந்தச் சுமையும் கூடவே வரும்.

பழையதைப் பழையது என்று சொல்லி விற்பது குற்றமல்ல. பயன்படுத்திய பொருளையோ சரிசெய்த பொருளையோ புதிது என்று சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

படிப்பு, கணக்கு, டைப்பிங், விண்ணப்பம், ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்டெல் பிராசஸர் எண்ணின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஐ3-12100எஃப் விலை குறைவு என்று வாங்கிவிட்டு, மானிட்டரில் படமே வராமல், பிறகு கார்டுக்குத் தனியாகச் செலவழிக்க நேரும்.

ராம் விலை 2025 கடைசியிலிருந்து கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டை மூடுவதாகவே 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே நண்பர் அதற்கு முன்பு வாங்கிய விலையை மனதில் வைத்துக் கடைக்குப் போகாதீர்கள். பணம் பற்றவில்லையென்றால் 8 ஜி.பி. ஒன்றைப் போட்டு, இரண்டாவது ஸ்லாட்டைக் காலியாக விட்டுவைக்கலாம். கேபினட், கீபோர்டு, மவுஸ் எல்லாம் எளியதாக இருந்தால் போதும். ஹார்டு டிஸ்க்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் விண்டோஸ் இருக்கும் டிரைவ் எஸ்.எஸ்.டி.யாகவே இருக்கட்டும்.

எதைக் குறைத்தாலும் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கைவைக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ‘450 வாட்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன்கீழ் சிறிய கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியே ஆம்பியர் கணக்கு இருக்கும். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் 14 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட்தான். நமக்கு உதவும் திறன் அவ்வளவே, ‘450’ என்பது அட்டையில் அச்சடித்த எண். 80 பிளஸ் சான்று பெற்ற, 12 வோல்ட்டில் போதிய ஆம்பியர் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேளுங்கள்.

பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதும் என்றும் இருக்க முடியாது. கேமர்ஸ் நெக்சஸ் என்ற அமெரிக்க யூடியூப் சேனலின் சோதனையில் ஜிகாபைட் நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ்.கள் வெடித்துப் போயின. 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம் இரண்டு மாடல்களை மாற்றித் தர முன்வந்தது. குறிப்பிட்ட மாடலைப் பற்றி வாங்கியவர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

உப்புக் காற்றும் எர்த்தும்

கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஃபேன் வழியாக உள்ளே போய், மதர்போர்டின் முனைகளிலும் ராமின் பொன்னிற விளிம்பிலும் அரிப்பை உண்டாக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடியும் மின்வெட்டும் வேறு. துரு, ஈரம், இடி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றால் வரும் பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. கடற்காற்று நேரே வீசும் ஜன்னலருகே கேபினட்டை வைக்காதீர்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை என்பதற்கான அறிகுறி அது. காய்ந்த மணல் தரையில் மின்சாரம் எளிதில் இறங்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துச் சரிசெய்த பிறகே கம்ப்யூட்டரைப் பொருத்துங்கள். யு.பி.எஸ். செலவையும் மொத்த பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தெருவிலேயே வோல்டேஜ் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் செய்யலாம்.

“பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம் தம்பி”

இந்தப் பேச்சுக்கு இணங்கினால் அன்றைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிஞ்சியதுபோல் தோன்றும். அதோடு வாரண்டியும் வழக்குப் போடும் வலுவும் போய்விடும். பணம் கொடுத்ததற்கான தடயம் இருந்தால் பில் இல்லாமலும் வழக்காடலாம்தான், ஆனால் எதை வாங்கினோம் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடைக்காரர் பில் தந்தே ஆகவேண்டும். பில் தராமலிருப்பதை நுகர்வோர் சட்டமும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வந்துவிடும்.

‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்று ஒற்றை வரியில் போட்ட பில்லை வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனம், முழு மாடல் எண், சீரியல் எண், வாரண்டிக் காலம் இருக்க வேண்டும். பொருத்திக் கொடுத்த கூலியும் பில்லில் வரட்டும். பிறர் செய்த பாகங்களைப் பொருத்தித் தருபவரையும் சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. “பாகம் கெட்டால் நீங்களே கம்பெனியைப் பாருங்கள்” என்று அவர் கைகழுவும்போது இது உதவும்.

பிராசஸரை அதன் பெட்டியோடு கேளுங்கள். பெட்டியில் வருவதற்கு நிறுவனமே மூன்று வருட வாரண்டி தருகிறது. ‘டிரே’ என்று உதிரியாக விற்பதற்கு அந்த நேரடி வாரண்டி கிடையாது. இறக்குமதிப் பாகங்களின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி.யும், புகார் எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி வேறு வழியாக வந்தது, அதற்கு இங்கே வாரண்டி கிடைப்பது கடினம். மானிட்டருக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்று தொடங்கும் அந்தப் பதிவு எண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

பார்சல் வந்ததும்

பிரிப்பதற்கு முன்பே செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். முகவரி ஸ்டிக்கர், ஒட்டிய டேப், சீரியல் எண் எல்லாம் வெட்டாமல் ஒரே பதிவில் வரவேண்டும். கம்ப்யூட்டரை ஓட்டியதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸரின் பெயர் தெரியும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதிய டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கக் கூடாது.

அந்தக் கணக்கையே அழித்து விற்பவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே செய்தித் தளம், பல ஆண்டுகள் ஓடிய சீகேட் ஹார்டு டிஸ்க்குகள் ஓட்ட நேரம் அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டதை வெளிக்கொண்டுவந்தது. பழைய கிராபிக்ஸ் கார்டின் பயாஸை மாற்றி, புது மாடல் பெயரைக் காட்டவைத்து விற்பதும் வெகுநாளாக நடக்கிறது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் பல போலிக் கார்டுகளை அடையாளம் காட்டுகிறது.

திருட்டு விண்டோஸை ஏற்றித் தர ஒப்புக்கொள்ளாதீர்கள். தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். உரிமம் வாங்கப் பணமில்லையென்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம். சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது.

ஏமாந்தால் எங்கே போவது

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், அழித்துவிடாதீர்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் மிரளத் தேவையில்லை. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஆன்லைன் நிறுவனம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

அதிலும் பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

தீர்ப்பு வேண்டுமென்றால் ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழிசெய்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்துக்குள், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம் வைத்த இலக்கு.

“கடை வைக்க வாங்கினேன், அதனால் நான் நுகர்வோர் இல்லையாமே” என்று பின்வாங்குபவர்கள் உண்டு. திரும்ப விற்பதற்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவர், சட்டப்படி நுகர்வோர்தான்.

முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது பண மோசடி. உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதமில்லாமல் சொன்னால்தான் பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாடல் எண்ணோடு கொட்டேஷன், சீரியல் எண்ணோடு பில், அச்சிட்ட விவரத்தோடு பெட்டி, இந்த மூன்றையும் தர மறுக்கும் கடையில் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டு ஏமாந்திருந்தால் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடவும் வேண்டாம். பில்லை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஆணையத்துக்குப் போங்கள்.