பிறழ்ந்த உலகுப் புனைவுகளில் முற்றதிகார ஆட்சி

பிறழ்ந்த உலகுப் புனைவு என்பது, மனிதர் வாழ அஞ்சத்தக்க ஒரு கற்பனைச் சமூகத்தைச் சித்தரிக்கும் இலக்கிய வகை ஆகும். ஆங்கிலத்தில் இது டிஸ்டோப்பியா என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. 20 ஆம் நூற்றாண்டில் வெளிவந்த இவ்வகைப் புதினங்களுள் பல, முற்றதிகார ஆட்சியைக் கருப்பொருளாகக் கொண்டவை. எவ்கேனி சமியாத்தின் எழுதிய 'நாம்', ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932), கரின் போயேயின் 'கலோகைன்' (1940), ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949), ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953), மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

இப்புதினங்கள் ஆட்சியாளரின் கொடுமையை விவரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அக்கொடுமை அன்றாடம் எவ்வாறு இயங்குகிறது, அதற்கு மக்கள் எவ்வாறு துணைபோகின்றனர், எவற்றை இழந்த பின்னர் எதிர்ப்பே இயலாததாகிறது ஆகிய கேள்விகளை அவை ஆராய்கின்றன. முற்றதிகார அரசு குடிமக்களின் கீழ்ப்படிவோடு நிறைவடைவதில்லை என்பதும், அரசின் கூற்றைத் தம் நினைவோடும் அறிவோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆற்றலையே அது அவர்களிடமிருந்து பறிக்க முயல்கிறது என்பதும் இவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படைக் கருத்தாகும்.

சொல்லும் வரையறையும்

1516 இல் தாமஸ் மோர் எழுதிய 'யுட்டோப்பியா' என்னும் நூல், குறையற்ற கற்பனை நாடு ஒன்றை விவரித்தது. அதற்கு எதிர்ப்பொருள் தரும் டிஸ்டோப்பியா என்னும் சொல்லை மெய்யியலாளர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1868 இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில், அயர்லாந்து பற்றிய விவாதத்தின்போது பயன்படுத்தினார். இலக்கிய வகை ஒன்றின் பெயராக அது நிலைபெற்றது 20 ஆம் நூற்றாண்டிலேயே ஆகும்.

முற்றதிகாரம் வழக்கமான சர்வாதிகாரத்தில் இருந்து வேறுபடுத்திக் காட்டப்படுகிறது. சர்வாதிகாரி அரசியல் அதிகாரத்தைத் தன்னிடம் குவித்துக்கொள்கிறார்; வாய்மூடி இருக்கும் குடிமகனின் வீட்டு வாழ்வில் பெரும்பாலும் தலையிடுவதில்லை. முற்றதிகார அரசோ தொழில், கல்வி, குடும்பம், சமயம், கலை, ஓய்வு நேரம் என அனைத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முனைகிறது. இச்சொல்லை முதலில் 1920களில் இத்தாலியப் பாசிசத்தின் எதிர்ப்பாளர்கள் கண்டனமாகப் பயன்படுத்தினர். பின்னர் முசோலினியே அதனைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். 1951 இல் ஹன்னா ஆரெண்ட் வெளியிட்ட ஆய்வுநூல், நாட்சி ஜெர்மனியையும் ஸ்டாலின் காலச் சோவியத் ஒன்றியத்தையும் இவ்வகை ஆட்சிகளாக ஒருங்கே ஆராய்ந்தது.

தோற்றம்

இவ்வகைப் புதினங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது 'நாம்' ஆகும். சமியாத்தின் ஒரு கப்பல் பொறியாளர். முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ரஷ்யாவுக்கான பனி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். சார் ஆட்சியில் சிறைப்பட்ட அவர், புரட்சிக்குப் பின்னர் புதிய ஆட்சியின் போக்கையும் ஐயத்துடன் நோக்கினார். 1920-21 காலப்பகுதியில் எழுதப்பட்ட அவரது புதினம் சோவியத் தணிக்கையால் தடுக்கப்பட்டது. 1924 இல் நியூயோர்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அது முதன்முதலில் நூலுருப் பெற்றது.

ஆர்வெல் 1903 இல் பீகாரில் உள்ள மோதிகாரியில் பிறந்தார். 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றினார். எசுப்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் போரிட்டு, 1937 இல் கழுத்தில் குண்டடி பட்டார். தம்முடன் போரிட்டோர் துரோகிகள் எனப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு வேட்டையாடப்பட்டதை அங்கே நேரில் கண்டார். நிகழாத போர்கள் செய்தித்தாள்களில் நிகழ்ந்தனவாக எழுதப்பட்டதையும் கண்டார். 1941 முதல் 1943 வரை பிபிசியின் கீழைத்தேயப் பிரிவில் இந்திய நேயர்களுக்கான ஒலிபரப்புகளைத் தயாரித்தார். அவர் 'நாம்' புதினத்தைப் படித்து, 1946 இல் அதற்கு மதிப்புரையும் எழுதியுள்ளார்.

சுவீடன் நாட்டுக் கவிஞரான கரின் போயே 1928 இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றுவந்தவர். 1932-33 இல் பெர்லினில் வாழ்ந்தவர். கனடா எழுத்தாளரான அட்வுட் தம் புதினத்தை 1984 இல் மேற்கு பெர்லினில் எழுதத் தொடங்கினார். மனித வரலாற்றில் எங்கேனும் நிகழ்ந்திராத எதனையும் அதில் சேர்ப்பதில்லை என்பதைத் தமக்கு விதியாகக் கொண்டதாக அவர் கூறியுள்ளார்.

ஆட்சி இயங்கும் முறைகள்

கண்காணிப்பு

'நாம்' புதினத்தின் 'ஒற்றை அரசில்' வீடுகள் கண்ணாடியால் ஆனவை. மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. முன்கூட்டிப் பதிவுசெய்து பெற்ற இளஞ்சிவப்புச் சீட்டைக் காட்டினால் மட்டுமே, பாலுறவுக்கென ஒதுக்கிய நேரத்தில் திரைச்சீலையை இறக்கலாம். '1984' இல் தொலைத்திரை என்னும் கருவி ஒளிபரப்புவதோடு, அறையில் இருப்பவரைப் பார்க்கவும் கேட்கவும் செய்கிறது. அதனை அணைக்க இயலாது.

எந்நேரமும் எல்லோரும் பார்க்கப்படுகின்றனர் என்பதன்று இங்கு முக்கியமானது. எப்போது பார்க்கப்படுகிறோம் என்பதை ஒருவரும் அறிய முடியாது. எனவே ஒவ்வொருவரும் எப்போதும் பார்க்கப்படுவதாகவே எண்ணி நடந்துகொள்கின்றனர். காவலரின் வேலையில் பெரும்பகுதியைக் குடிமகனே தன்மீது செய்துகொள்கிறான்.

மொழி

'1984' இல் ஆட்சியாளர் 'நியூஸ்பீக்' என்னும் புதுமொழியை உருவாக்குகின்றனர். பிற மொழிகள் சொற்களைப் பெருக்கிக்கொண்டு செல்ல, இதன் அகராதி பதிப்புக்குப் பதிப்பு சிறுக்கிறது. விடுதலையைக் குறிக்கும் சொல் இதில் உண்டு. ஆயின், நாய்க்கு உண்ணித் தொல்லை இல்லை என்பது போன்ற பொருளில் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம். சொல் இல்லாதபோது அக்கருத்தை எண்ணவும் இயலாது என்பது இத்திட்டத்தின் அடிப்படை.

இதற்கு இணையான ஒரு வரலாற்றுப் பதிவை ஜெர்மானிய மொழியியலாளர் விக்டர் கிளெம்பரர் விட்டுச்சென்றுள்ளார். யூதர் என்பதால் 1935 இல் பேராசிரியர் பதவியை இழந்த இவர், நாட்சி ஆட்சியில் மக்களின் அன்றாடப் பேச்சு மாறியதை மறைவாகக் குறித்துவைத்து 1947 இல் நூலாக வெளியிட்டார். 'வெறித்தனமான' எனப் பொருள்படும், முன்பு இகழ்ச்சிக்குரியதாய் இருந்த சொல், அவ்வாட்சியில் பாராட்டுச் சொல்லானதை அவர் எடுத்துக்காட்டுகிறார். நாட்சிகளை வெறுத்தவர்களும் அவர்களது சொற்களையே தம்மை அறியாமல் பேசினர் என்பது அவரது முக்கியமான கண்டறிதல் ஆகும்.

கடந்தகாலம்

'1984' இன் நாயகன் வின்ஸ்டன் சிமித், உண்மை அமைச்சகத்தில் பழைய செய்தித்தாள்களைத் திருத்தும் பணியில் உள்ளான். சாக்லேட்டுப் பங்கீடு 30 கிராமில் இருந்து 20 கிராமாகக் குறைக்கப்படுகிறது. மறுநாளே, அது 20 கிராமாக உயர்த்தப்பட்டதற்கு மக்கள் நன்றி கூறியதாக அறிவிக்கப்படுகிறது. முதல்நாள் அறிவிப்பு எந்த ஆவணத்திலும் இராது. நினைவு மட்டுமே சான்றாக எஞ்சும்போது, தன் நினைவு சரியானதா என்ற ஐயம் மனிதனுக்கு ஏற்படுகிறது.

இது முழுவதும் கற்பனை அன்று. சோவியத் உள்துறையின் தலைவராக இருந்த நிக்கொலாய் எசோவ் 1940 இல் கொல்லப்பட்ட பின்னர், ஸ்டாலினுடன் அவர் நின்ற ஒளிப்படத்தில் இருந்து அவரது உருவம் நீக்கப்பட்டது. 1953 இல் பெரியா பதவி இழந்தபோது, 'பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தை' வாங்கியவர்களுக்கு மாற்றுப் பக்கங்கள் அனுப்பப்பட்டன. பெரியாவைப் பற்றிய பக்கங்களை வெட்டி நீக்கிவிட்டு, பெரிங் கடல் முதலியவற்றைப் பற்றிய புதிய பக்கங்களை அங்கே ஒட்டிக்கொள்ளுமாறு அவர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

இன்பம்

ஹக்ஸ்லியின் புதினத்தில் சித்திரவதைக் கூடங்கள் இல்லை. மனிதர்கள் குடுவைகளில் உருவாக்கப்படுகின்றனர். ஒரே கருமுட்டையில் இருந்து 96 பேர் வரை ஒரே அச்சாகப் பிறக்கின்றனர். குழந்தைகள் நூல்களையும் பூக்களையும் தொட வரும்போது மின்னதிர்ச்சி தந்து அவற்றின்மீது அச்சம் ஊட்டப்படுகிறது. உறக்கத்தில் கேட்கும் வாசகங்கள் அவரவர் வகுப்பிலேயே நிறைவுகொள்ளக் கற்பிக்கின்றன. வளர்ந்தபின் கவலை எழுந்தால் 'சோமா' என்னும் மருந்து உண்டு. தமக்கு வாய்த்த அடிமை நிலையை மக்கள் விரும்புவதால் அவர்களை ஒடுக்க வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. 1949 அக்டோபரில் ஆர்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், வருங்கால ஆட்சியாளர் தடியையும் சிறையையும் விட இவ்வகை முறைகளையே பயன்மிக்கவை எனக் காண்பர் என்று ஹக்ஸ்லி கருத்துத் தெரிவித்தார்.

'ஃபாரன்ஹீட் 451' இக்கருத்தை மேலும் விரிக்கிறது. அதில் தீயணைப்புப் படையினரே நூல்களை எரிக்கின்றனர். ஆயினும் தடை அரசிடமிருந்து தொடங்கவில்லை என்றும், மக்களே படிப்பதைக் கைவிட்ட பின்னர் அரசு அதனைச் சட்டமாக்கியது என்றும் அப்படையின் தலைவர் விளக்குகிறார்.

குடும்பமும் உடலும்

தனிமனிதர்களுக்கு இடையிலான நம்பிக்கை, முற்றதிகாரம் நுழைய முடியாத கடைசி இடமாக இப்புதினங்களில் காட்டப்படுகிறது. எனவே அது குறிவைத்துத் தாக்கப்படுகிறது. '1984' இல் பார்சன்ஸ் என்பவரை அவரது சிறுமகளே காட்டிக்கொடுக்கிறாள். அவர் அவளை எண்ணிப் பெருமை கொள்கிறார். 'கலோகைன்' புதினத்தில் உள்ளத்தில் மறைந்துள்ளதைப் பேசவைக்கும் மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேதியியலாளர், அதனைத் தம் மனைவிக்கே செலுத்துகிறார். எண்ணமே குற்றமாகும் சட்டத்துக்கு அம்மருந்து வழிவகுக்கிறது.

அட்வுட் காட்டும் கிலியட் நாட்டில் பெண்களின் வங்கிக் கணக்குகள் ஒரே நாளில் முடக்கப்படுகின்றன, வேலை பறிக்கப்படுகிறது. பின்னர் அவர்கள் தம் பெயரையும் இழந்து, உடைமையாளரின் பெயரால் அழைக்கப்படுகின்றனர். பிள்ளைப்பேறு அரசின் ஆணைக்கு உட்படுகிறது. ருமேனியாவில் 1966 இல் சௌசெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்த ஆணை இதற்கு வரலாற்று இணையாகும்.

எதிரி

இடையறாத போர், பற்றாக்குறைக்குக் காரணம் கூறவும் வெறுப்பைத் திருப்பிவிடவும் பயன்படுகிறது. '1984' இல் ஒரு பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கையிலேயே பகைநாடு மாறிவிடுகிறது. அவர் தொடரை முறிக்காமல் புதிய பகைவரை ஏசத் தொடங்குகிறார். 1939 ஆகத்து 23 இல் சோவியத்-நாட்சி உடன்படிக்கை கையெழுத்தானதை அடுத்துப் பல நாடுகளின் பொதுவுடைமைக் கட்சிகள் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதும், 1941 சூனில் ஜெர்மனி படையெடுத்தபோது மீண்டும் மாற்றியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை.

ஒப்புதல் வாக்குமூலம்

1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் நடந்த வழக்குகளில், சினோவியெவ், காமெனெவ், புகாரின் உள்ளிட்ட புரட்சித் தலைவர்கள் தாம் செய்யாத சதிகளைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டனர். 1936 வழக்கில் ஒருவர், 1932 இல் கோபன்கேகனில் உள்ள பிரிஸ்டல் விடுதியில் சதியாளர் ஒருவரைச் சந்திக்கத் திட்டமிட்டதாகக் கூறினார். அவ்விடுதியோ 1917 இலேயே இடிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தீர்ப்பு மாறவில்லை.

'1984' இன் இறுதிப் பகுதி இவ்வழக்குகளை நினைவூட்டுகிறது. வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் ஓபிரையனுக்கு வாக்குமூலம் போதவில்லை. இரண்டும் இரண்டும் ஐந்து என்று அவன் சொன்னால் போதாது. அதனை அவன் காணவும் வேண்டும். 'நாம்' புதினத்திலோ இதே நோக்கம், கற்பனை ஆற்றலை மூளையில் இருந்து நீக்கும் அறுவை மருத்துவத்தால் நிறைவேற்றப்படுகிறது.

முடிவுகள்

இப்புதினங்களின் நாயகர்களில் பலர் தோல்வியுறுகின்றனர். ஆயினும் ஆட்சியின் வெற்றி முழுமையானதாகக் காட்டப்படுவதில்லை. 'நாம்' முடிவுறும்போது நகரின் ஒரு பகுதியில் கிளர்ச்சி தொடர்கிறது. 'ஃபாரன்ஹீட் 451' இல் நாடோடிகள் நூல்களை மனனம் செய்து காக்கின்றனர். '1984' இன் பின்னிணைப்பு நியூஸ்பீக்கை இறந்தகால வினைகளால் விவரிக்கிறது. அவ்வாட்சி ஒழிந்த பின்னர் எழுதப்பட்டதாக அதனைக் கொள்வோர் உளர். அட்வுட்டின் புதினம், 2195 இல் கிலியட்டை ஆராயும் கல்வியாளர் கருத்தரங்கோடு முடிகிறது.

விமர்சனங்கள்

மெய்யான முற்றதிகார அரசுகள் இப்புதினங்களில் உள்ளவை போல் பிசகின்றி இயங்கவில்லை என்பது ஒரு விமர்சனம் ஆகும். ஊழல், திறமையின்மை, மக்களின் நகைச்சுவைத் துணுக்குகள் ஆகியவை அங்கு எப்போதும் இருந்தன. அறிபுனை எழுத்தாளர் ஐசாக் அசிமோவ், தொலைத்திரைக் கண்காணிப்புக்கு அளவிறந்த ஆட்கள் தேவைப்படுவர் எனச் சுட்டிக்காட்டினார். கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறைக்கு 1989 இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்களும், 1,70,000க்கும் மேற்பட்ட இரகசியத் தகவலாளர்களும் இருந்தனர். கருவியைவிட அண்டை வீட்டாரும் உடன் பணிபுரிவோருமே அங்கு கண்களாகச் செயற்பட்டனர்.

பனிப்போர்க் காலத்தில் ஆர்வெல்லின் நூல்கள் பரப்புரைக்கும் பயன்படுத்தப்பட்டன. அவரது 'விலங்குப் பண்ணை' 1954 இல் அசைவூட்டத் திரைப்படமானபோது அமெரிக்க நடுவண் உளவு முகமை மறைமுகமாகப் பணம் அளித்தது. '1984' சோசலிசத்தின் மீதான தாக்குதல் அன்று என ஆர்வெல் 1949 இலேயே விளக்கம் அளித்திருந்தார்.

மறுபுறம், போலந்துக் கவிஞர் செஸ்லாவ் மிலோஷ் 1953 இல் வெளியிட்ட நூலில், தம் நாட்டில் '1984' ஐ மறைவாகப் படித்தவர்கள், அங்கு வாழ்ந்திராத ஒருவர் அவ்வாழ்வை இத்துணை நுட்பமாக அறிந்திருந்தது கண்டு வியந்ததாகக் குறிப்பிடுகிறார்.

தடைகள்

2014 இல் தாய்லாந்தில் படைத்துறை ஆட்சியைக் கைப்பற்றியபோது, பொது இடங்களில் '1984' ஐ அமைதியாக வாசிப்பது எதிர்ப்பின் வடிவமாயிற்று. அவ்வாறு வாசித்தவர் தடுத்து வைக்கப்பட்டதும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் '1984', 'நாம்' ஆகிய இரண்டும் 1988 இலேயே சட்டப்படி வெளியாயின. 1931 இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி நாட்டைவிட்டு வெளியேற அனுமதி பெற்ற சமியாத்தின், 1937 இல் பாரிசில் வறுமையில் இறந்தார். அவரது புதினம் அவரது நாட்டில் வெளியானபோது, அவர் இறந்து 51 ஆண்டுகள் ஆகியிருந்தன.