நான்கு வரத்துக் கால்வாய்கள்



பிரசவ வார்டில் குறையோடு பிறந்த குழந்தையின் தாய் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயரய்யா, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" பக்கத்தில் மாமியார், "கிரகணத்தன்னைக்கு வெளியே போகாதேன்னு சொன்னேன், கேட்டாளா?" என்பார். இதற்குச் சரீர சாஸ்திரம் தரும் பதிலை நுரையீரல் சிரைகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

சிரைகள் அசுத்த இரத்தத்தைக் கொண்டுவரும் என்று பள்ளியில் படித்தோம். நுரையீரல் சிரைகள் இதற்கு விலக்கு. பிராண வாயு நிறைந்த சுத்த இரத்தத்தை இவையே இருதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவருகின்றன. அங்கிருந்துதான் அது உடலெங்கும் போகிறது. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, ஆக நான்கு என்பது புத்தகக் கணக்கு. ஒரு கண்மாய்க்கு நான்கு வரத்துக் கால்வாய்கள் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா மனிதருக்கும் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. பத்துப் பேரில் ஒருவருக்காவது இடப்பக்கச் சிரைகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தே இருதயத்திற்குள் நுழைகின்றன. வேறு சிலருக்கு வலது நுரையீரலின் நடுப்பகுதிச் சிரை தனியே நுழைவதால் ஐந்தாகிறது. எந்த வழியில் வந்தாலும் தண்ணீர் அதே கண்மாய்க்குத்தான் வந்து சேருகிறது. அவர்கள் எண்பது வயதுவரை இதை அறியாமலே வாழலாம். நுரையீரலில் ஒரு பகுதியை அகற்றும் அறுவை மருத்துவருக்குத்தான் இது முன்கூட்டியே தெரிய வேண்டும். இருதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு இச்சிரைகள் பலமுறை காரணமாவதை 1998இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினர். ஆகவே அச்சிகிச்சைக்கு முன்பும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது? கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், கருவின் இருதயத்திலிருந்து ஒரு சிறு முளை புறப்பட்டு நுரையீரலின் இரத்தக் குழாய்களோடு இணைகிறது. பின்பு அதன் கிளைகள் மேலறையின் சுவருக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. அது சற்றுக் குறைந்தாலோ கூடினாலோ எண்ணிக்கை மாறும். தான் கர்ப்பவதி என்றே பல தாய்மார் உறுதியாக அறியாத நாட்கள் அவை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அபூர்வமாக அந்த முளை இணையாமலே போகிறது. அப்போது நான்கு சிரைகளும் வழிமாறி, இருதயத்தின் வலப்பக்கத்தில் சேருகின்றன. கண்மாய்த் தண்ணீர் முழுவதும் வேறு ஊருக்குப் போனதுபோல் ஆகிவிடும். தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடி வழியாகப் பிராண வாயு கிடைப்பதால் குழந்தைக்கு இதனால் பாதிப்பில்லை. பிறந்தபின்தான் ஆபத்து. மேலறைகளுக்கு இடையே ஒரு துவாரம் இருந்தால் மட்டுமே, அதன் வழியாகக் கலப்பு இரத்தமாவது உடலுக்குப் போய் உயிர் நிற்கும். அறுவை செய்யாவிட்டால் இப்படிப்பட்ட பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. சிரைகளில் அடைப்பும் இருந்தால் மணிக்கணக்கில் முடிவு செய்ய வேண்டும்.

சிரைகளைத் திரும்ப இடது மேலறையோடு இணைக்கும் இந்தச் சிகிச்சைக்கு இருதயத்தைத் திறந்தாக வேண்டும். நம் நாட்டில் அதற்கு வழி திறந்ததில் மிஷன் மருத்துவமனைக்கும் பங்குண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் மார்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அங்கே 1961இல் திறந்த இருதய அறுவை வெற்றியாக நடந்தது. இன்று அவ்வளவு தூரம் போகாமல் மதுரையிலேயே இருதய அறுவை நடக்கிறது. தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு, 2012இல் தொடங்கிய முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது.

ஆனால் குழந்தை நேரத்தோடு வந்து சேர வேண்டுமே! உங்கள் சபையிலும் தெருவிலும் இதைச் சொல்லுங்கள். நிறம் கறுத்த குழந்தைக்கு நீலம் தோலில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள். பால் குடிக்கையில் மூச்சு வாங்கினாலோ, நெற்றி வியர்த்தாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "கருவாப்பு" என்று நாட்டு மருந்து கொடுத்தும் சூடு வைத்தும் நாள் கடத்த வேண்டாம். விரலில் மாட்டும் சிறு கருவி பிராண வாயுவின் அளவைக் காட்டும்; எக்கோ ஸ்கேன் சிரைகளின் வழியைக் காட்டும்.

பிறவிக் குருடனைக் குறித்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அவன்மேலும் பெற்றோர்மேலும் பழி சுமத்தவில்லை. நானும் அந்தத் தாயிடம், "அம்மா, நீ ஒரு தப்பும் செய்யலை. பிள்ளையைத் தூக்கு, டாக்டரைப் பார்ப்போம்" என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனைக் குருவானவர்